புளியரையைத் தாண்டினால் எது கூட வரும்?

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற ரோட்டில் புளியரை சோதனைச் சாவடியைக் கடந்து மலையேறினால் கேரளத்தின் ஆரியங்காவு. திங்கட்கிழமை விடியற்காலையில் அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கரண்டியும் மட்டப்பலகையும் போட்ட சாக்குப்பையோடு கொத்தனார்கள், கூடவே அவர்களுக்கு உதவியாள்களான நிமிந்தாள்கள், பெயின்டர்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் என்று பாதிப் பஸ் வேலைக்குப் போகிற கூட்டம்தான். தென்காசிப் பக்கத்தில் "அவுக மலையாளத்துல வேலைக்கு இருக்காக" என்பது ஓர் ஆளை அறிமுகப்படுத்தும் சாதாரணப் பேச்சு. செங்கோட்டையே 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர, வேலைக்குப் போகும் பாதை மாறவில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் போகலாமா என்று யோசிக்கிறவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது, "அங்க எவ்வளவு கொடுக்கான்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதோடு நின்றால் பாதிக் கணக்குதான் ஆகும். கூலி, வேலை நடக்கிற இடத்தில் முடிவாகிறது. ரேஷன், உதவித்தொகை, நலவாரியம் போன்ற பாதுகாப்பில் பெரும்பகுதியோ ரேஷன் கார்டில் எழுதியிருக்கிற விலாசத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. சாவடியைத் தாண்டும்போது எது கூட வருகிறது, எது இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் கையில் நிற்கப்போகும் காசு எவ்வளவு என்பது தெரியும்.

முதலில் கூலியையே எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாநிலங்களின் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23-இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 852 ரூபாய். தமிழ்நாட்டில் 500. நாடு முழுவதற்குமான சராசரி 393. மத்தியப் பிரதேசத்தில் 278. ஒரே கல், ஒரே சிமென்ட், ஒரே எட்டு மணி நேரம். வித்தியாசம் மூன்று மடங்கு. விவசாயக் கூலியிலும் இதே கதைதான்: கேரளத்தில் 764, மத்தியப் பிரதேசத்தில் 229.

கேரளத்தில் ஏன் இவ்வளவு? எழுபதுகளில் தொடங்கிய வளைகுடாப் பயணம் ஒரு காரணம். உள்ளூர் இளைஞர்கள் துபாய்க்கும் சவூதிக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் கேரளத்தில் வீடுகள் எழும்பின. கட்டுவதற்கு ஆளில்லை, கட்டச் சொல்வதற்குப் பணம் இருந்தது. நிலச்சீர்திருத்தமும் பள்ளிப் படிப்பும் சேர்ந்து, "எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்" என்ற நிலைமையிலிருந்து தொழிலாளியை விடுவித்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே தொழிற்சங்கம். அதன் பலம் சில சமயம் எல்லை மீறியும் போனது. சாமானை இறக்காமல் நின்று பார்த்ததற்கே வாங்கும் 'நோக்குகூலி'யை 2018 மே 1 முதல் அரசே ஒழிக்க வேண்டிவந்தது. ஆனாலும் அந்தச் சங்கங்கள் இல்லாவிட்டால் 852 ரூபாய் வந்திருக்காது என்பதுதான் என் எண்ணம். அந்தக் கூலி உயர்வின் பலனை அனுபவிக்கப் போன முதல் வெளியூர்க்காரர்கள் நம் ஆட்கள்தான். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தது அதற்குப் பிறகு.

சராசரி என்பது சராசரிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளூர் மேஸ்திரிக்கு ஒரு கூலி, தமிழ் ஆளுக்கு ஒரு கூலி, இந்தி பேசுகிறவருக்கு இன்னொரு கூலி என்று ஒரே சைட்டில் மூன்று விலை நடப்பது உண்டு. 852 என்று கேட்டுவிட்டுப் போய் 700-க்கு நிற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஊரில் 500 ரூபாய்க்கு மாதம் 24 நாள் வேலை கிடைத்தால் 12,000. கேரளத்தில் 850. அங்கே ஜூன் தொடங்கினால் மழை வெளுத்து வாங்கும், வெளிப்பூச்சு வேலை நின்றுவிடும். ஊருக்கு வந்துபோகிற நாட்களும் போகும். 20 நாள் என்று வைத்தால் 17,000. வித்தியாசம் 5,000. அங்கே ரூமில் தன் பங்கு 1,500, சாப்பாடும் டீயும் நாளுக்கு 150 என்றால் 4,500, ஆக 6,000. ஊரில் இருந்தாலும் அவர் சாப்பிடத்தான் போகிறார், அதற்கு 2,000 கழித்துக்கொண்டால் கூடுதல் செலவு 4,000. மிஞ்சுவது ஆயிரம் ரூபாய். இரண்டு தடவை ஊருக்கு வந்துபோனால் அதிலும் ஒரு பகுதி பஸ் டிக்கெட்டுக்குப் போய்விடும்.

அதே ஆளுக்கு அங்கே 24 நாள் வேலை அமைந்தால்? 20,400 வருகிறது. கூடுதல் செலவு அதே 4,000-தான். கையில் நிற்பது ஊரைவிட 4,400 அதிகம். நாலு நாள் வேலை, மிச்சத்தை நாலு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. ஆகவே "எவ்வளவு கொடுக்கான்" என்பதைவிட "மாசத்துக்கு எத்தனை நாள் வேலை ஓடும்" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விவரம் தெரிந்த கொத்தனார்கள் அதைத்தான் கேட்பார்கள். மழைக்காலத்தில் உள்வேலை வைத்திருக்கிற கான்ட்ராக்டர், நாளுக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. செலவை ஏற்றுவது இரண்டாவது அடுப்பு. ஊரில் ஒரு அடுப்பு எரிய, அங்கே இன்னொன்று. தென்காசிக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்கள் சிலர் தினமும் வந்துபோகிறார்கள். விழுப்புரத்திலிருந்து போகிறவருக்கு அது நடக்காது. ஒரே கூலிக்கு ஒரே சைட்டில் நின்றாலும் இரண்டு பேருக்கும் மாதக் கடைசியில் மிஞ்சுவது வேறு வேறு.

சரி, விலைவாசி? இங்கே பலரும் ஒரு தப்புச் செய்கிறார்கள். 2025-இல் பல மாதங்கள் நாட்டிலேயே அதிகமான சில்லறைப் பணவீக்கம் கேரளத்தில்தான் பதிவானது. செய்தியில் அதைப் பார்த்துவிட்டு "அங்கே எல்லாம் யானை விலை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பணவீக்கம் சொல்வது, அந்த ஊரில் போன வருஷ விலையிலிருந்து இந்த வருஷ விலை எவ்வளவு ஏறியது என்பதை மட்டும். கொல்லத்தில் ஒரு சாப்பாடு தென்காசியைவிட எத்தனை ரூபாய் அதிகம் என்பதை அது சொல்லாது. விலைவாசிக் குறியீட்டெண்ணும் அப்படித்தான். ஒரு மாநிலத்தின் குறியீட்டெண் 190, இன்னொன்றின் குறியீட்டெண் 200 என்றால் இரண்டாவது ஊர் விலை கூடிய ஊர் என்று அர்த்தமில்லை.

அதற்குப் பதில், குடும்பங்கள் மாதம் எவ்வளவு செலவழிக்கின்றன என்று பார்க்கலாம். மத்திய அரசின் 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், தலைக்கு மாதச் செலவு கிராமப்புறக் கேரளத்தில் 5,924 ரூபாய், கிராமப்புறத் தமிழ்நாட்டில் 5,310. நகரத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழ்: தமிழ்நாட்டில் 7,630, கேரளத்தில் 7,078. செலவு வேறு, விலை வேறு, ஒத்துக்கொள்கிறேன். வசதியுள்ளவர் அதிகம் செலவழிப்பார். ஆனாலும் அதே வருஷத்தில் கட்டடக் கூலி 70 சதவீதம் அதிகமாக இருக்க, கிராமத்துச் செலவு 12 சதவீதம்தான் அதிகம். 'கூலி கூடினால் செலவும் அதே அளவு கூடிவிடும்' என்ற பேச்சு கேரள விஷயத்தில் நிற்கவில்லை.

கூலியும் செலவும் இப்படி. மூன்றாவது விஷயமான பாதுகாப்புக்கு வருவோம். அதைத்தான் பஸ் ஏறுகிறவர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கூட வருகிறவை

சில பாதுகாப்புகள் மத்திய அரசுடையவை. அவை ஆளோடு, ஓர் எண்ணாகக் கூடவே பயணம் செய்கின்றன. பி.எஃப். அதில் ஒன்று. எந்த மாநிலத்தில் எந்த முதலாளியிடம் போனாலும் யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு எண் மாறாது. ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையை விட்டதும் ஊருக்குப் போகிற செலவுக்கு என்று பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துவிடுவது. கூடவே பென்ஷன் பணத்தையும் எடுத்தால், பென்ஷனுக்கான சர்வீஸ் வருஷங்கள் அங்கேயே முடிந்துவிடும். பென்ஷன் வேண்டுமென்றால் மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேண்டும். ஓசூரில் மூன்று வருஷம், கொச்சியில் நாலு வருஷம், கோயம்புத்தூரில் மூன்று வருஷம் என்று வேலை பார்த்து ஒவ்வொரு தடவையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தவருக்குப் பத்து வருஷம் உழைத்தும் பென்ஷன் கிடையாது.

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யும் கூட வரும், ஒரு வரம்புக்கு உட்பட்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைதான் அதில் சேர முடியும். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடித்தம் வெறும் 150 ரூபாய். அதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம், நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். இப்போது ஒருவர் கோயம்புத்தூரில் 20,000 வாங்குகிறார். பெங்களூரில் 22,500 தருகிறோம் என்கிறார்கள். 2,500 ரூபாய் உயர்வு என்று சந்தோஷப்பட்டுப் போனால், ஈ.எஸ்.ஐ. போய்விடுகிறது. அப்பா அம்மாவையும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த 2,500 எங்கே போகும் என்று தெரியும்.

வேலையின்போது அடிபட்டாலோ உயிர் போனாலோ முதலாளி தர வேண்டிய இழப்பீடும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த சூத்திரமே புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. உயிர் போனால், சம்பளத்தை மாதம் 15,000 என்ற உச்சவரம்புக்குள் எடுத்து, அதில் பாதியை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்காரருக்கு அந்த எண் 207.98. இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சத்து 59 ஆயிரம் சொச்சம் வரும். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: கொச்சியில் சாரத்திலிருந்து விழுந்தவரின் மனைவி, இழப்பீடு கேட்டுக் கொச்சிக்கு அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். வாரக்கூலி போட்ட ஜீ-பே பதிவு, சைட்டில் எடுத்த போட்டோ, மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்தி எதுவாக இருந்தாலும் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

சாவடியில் நிற்கிறவை

ரேஷனில் தொடங்குவோம். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எந்த மாநிலக் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம் என்று விளம்பரம். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். என்று இருக்கிறதா, என்.பி.எச்.எச். என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது, மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற முன்னுரிமைக் குடும்பம். இரண்டாவது அதில் வராதது. தமிழ்நாட்டுக்குள் இரண்டு கார்டுக்கும் அரிசி உண்டு, ஏனென்றால் இரண்டாவது கார்டின் அரிசியை மாநில அரசு தன் பணத்தில் கொடுக்கிறது. எல்லையைத் தாண்டினால் முதல் கார்டுக்குத் தலைக்கு 5 கிலோ கிடைக்கும். இரண்டாவது கார்டுக்கு ஒன்றும் இல்லை. பருப்பும் பாமாயிலும் இரண்டு பேருக்குமே கிடையாது.

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அதுவும் தமிழ்நாட்டு ரேஷன் கார்டோடு ஒட்டியது. குடும்பத்தோடு இடம்பெயர்ந்து கார்டையும் மாற்றினால் அது போச்சு. மேலே போட்ட கணக்கில் 20 நாள் வேலைக்கு மிஞ்சியதே ஆயிரம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண் மட்டும் போய், மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே இருப்பதற்குப் பாசம், பள்ளிக்கூடம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். இந்தக் கணக்கும் அதில் ஒன்று. சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சலைத் தருவது கட்டடத் தொழிலாளர் நலவாரியம். கட்டடம் கட்டுகிறவர் கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தை வரியாகச் செலுத்த வேண்டும் என்று 1996-இல் சட்டம் வந்தது. அந்தப் பணம் கட்டடம் எழும்புகிற மாநிலத்தின் வாரியத்துக்குப் போகும். கொச்சியில் எழும்பும் அடுக்குமாடிக்கு உரிய 1 சதவீதம் கேரள வாரியத்துக்கு. அதைக் கட்டிய கொத்தனாரின் வாரிய அட்டை தென்காசியில். அந்த அட்டை கிடைக்க, முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை பார்த்திருக்க வேண்டும். வருஷத்தில் ஒன்பது மாதம் கொச்சியிலும் மூன்று மாதம் ஊரிலும் இருக்கிறவருக்கு அந்த 90 நாளுக்கு யார் கையெழுத்துப் போடுவது? அவருடைய வியர்வையில் வந்த வரி ஒரு மாநிலத்தில், அவருடைய பெயர் இன்னொரு மாநிலத்தில்.

வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-இலேயே ஒரு சட்டம் இருந்தது. கான்ட்ராக்டர் கூட்டிப்போகிற ஆளுக்கு, ஊர் விட்டுப் போவதற்கான ஈடாக மாதச் சம்பளத்தில் பாதியைத் திருப்பிக் கேட்காத தொகையாகக் கொடுக்க வேண்டும், பயணச் செலவையும் பயண நாட்களின் கூலியையும் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நடைமுறையில் அதை வாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று இந்தப் பழைய சட்டத்தை விழுங்கிவிட்டது. புதியதில் நல்லதும் உண்டு. தானாகக் கிளம்பி வந்து வேலைக்குச் சேர்ந்தவரும் இப்போது வெளிமாநிலத் தொழிலாளிதான். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வரும் கட்டணத்தை முதலாளி தர வேண்டும். வேலை செய்கிற மாநிலத்தின் கட்டட வாரியப் பலனும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மேலே சொன்ன குழப்பத்துக்கு அது மருந்தாகலாம். ஆனால் சம்பளத்தில் பாதி என்ற அந்த ஈட்டுத்தொகை காணாமல் போய்விட்டது. வெளிமாநிலத் தொழிலாளர் 10 பேருக்குக் குறைவாக இருக்கும் இடங்களுக்கு இது பொருந்தாது. அப்புறம், மாதம் 18,000 ரூபாய் வரை வாங்குகிறவர்தான் இந்தச் சட்டப்படி வெளிமாநிலத் தொழிலாளி. அரசு விரும்பினால் இந்த வரம்பை உயர்த்தி அறிவிக்கலாம். கேரளத்தில் 852 ரூபாய்க் கூலிக்கு 22 நாள் வேலை செய்தாலே 18,700-ஐத் தாண்டிவிடும். நல்ல கூலி கிடைத்ததாலேயே ஒருவர் பாதுகாப்பிலிருந்து வெளியே நிற்பது என்ன நியாயமோ, எழுதியவர்களுக்குத்தான் வெளிச்சம்.

போகிற மாநிலம் தன் பங்குக்கு என்ன வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் கேரளத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். 2010-இலேயே வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று நலத்திட்டம் தொடங்கியது. 2017-இல் 'ஆவாஸ்' என்ற இலவசக் காப்பீடு கொண்டுவந்தது; விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் 600 பேருக்கு மேல் தங்கும் விடுதியை 2019-இல் திறந்தது. அரசுக் காகிதங்களில் நம் பெயர் 'அதிதித் தொழிலாளி', அதாவது விருந்தாளி. டீக்கடையில் தமிழரை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்பதும் இன்னும் காதில் விழுகிறது.

கூலியோடு வீட்டையும் சேர்த்துக் கொடுக்கிற இடங்களில் கணக்கு இன்னும் ஏமாற்றும். மூணாறு தேயிலைத் தோட்டங்கள் இதற்குச் சாட்சி. அங்கே இலை பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தென்மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது பெண்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். அதே கேரளத்தில்! 20 சதவீதத்தை மீட்டார்கள், கூலி பின்னர் 301 ஆனது. இத்தனை குறைந்த கூலிக்கு ஆள் நின்றதன் காரணம் லயம் வீடு, அதாவது தோட்டக் கம்பெனி கொடுக்கும் வரிசை வீடு. வாடகை இல்லை, விறகு, வைத்தியம் எல்லாம் தோட்டத்தில். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் வாடகை மிச்சம் பிடித்தவர், அறுபது வயதில் ஒரு செண்டு நிலம் இல்லாமல் நிற்கிறார்.

பிள்ளைகள் விஷயம் பணத்தில் வராது, அதனால்தான் அதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சாதிச் சான்றிதழ் மாநில எல்லைக்குள் செல்லுபடியாகிற காகிதம். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் இன்னொரு மாநிலத்தின் அரசு வேலையில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018-இல் மறுபடி உறுதி செய்தது. பிற்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்தப் பக்கம், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் (புதுமைப்பெண்ணுக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலும்) படித்திருந்தால்தான். ஏழாம் வகுப்பில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், பத்தாம் வகுப்புக்குத் திரும்பிக் கொண்டுவந்தால் இரண்டும் போய்விடும். குடும்பத்தோடு போவதாக இருந்தால் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பேன்.

பெங்களூர்க்காரர்களுக்கு

மாதச் சம்பளக்காரர்கள் இதெல்லாம் கூலி வேலைக்காரர் பிரச்சினை என்று நினைக்கலாம். அவர்களுக்கும் இதே கோடுதான், சாவடி மட்டும் ஓசூரைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளி.

சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவருக்கு முதல் அடி வீட்டு அட்வான்ஸ். பத்து மாத வாடகை கேட்பது அங்கே நெடுநாள் வழக்கம். 20,000 ரூபாய் வீட்டுக்கு 2 லட்சம் வட்டியில்லாமல் முடங்கும். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு தருவார்கள். தொழில் வரி ஒரு பொருட்டே இல்லை. அரசியல் சாசனமே வருஷத்துக்கு 2,500-க்கு மேல் கூடாது என்கிறது. வண்டி விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அங்கே ஆயுள் வரியைக் கட்டிவிட்டு, இங்கே கட்டியதில் மீதியைத் திருப்பிக் கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும்.

பெண்களுக்குக் கர்நாடகத்திலும் பஸ் இலவசம்தான், 2023 ஜூன் முதல். ஆனால் கர்நாடக விலாசம் போட்ட அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண்ணிடமும் அட்டை கேட்பதில்லை.

வேலைப் பாதுகாப்பில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, தேவைப்படும்போதுதான் தெரியும். தொழிலாளர் விஷயம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்களும் தங்கள் பங்குக்குச் சட்டத்தைத் திருத்தலாம். 12 மணி நேர வேலை நாளுக்குக் கர்நாடகம் 2023-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. மூன்று மாதத்தில் 75 மணி நேரமாக இருந்த ஓவர்டைம் வரம்பு 145 ஆனது. தமிழ்நாடும் அதே வருஷம் ஏப்ரலில் ஒரு மசோதாவை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றது. ஐ.டி. கம்பெனிகளுக்கு, வேலை நிபந்தனைகளை எழுத்தில் வரையறுக்கச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து கொடுத்துவந்த விலக்கைக் கர்நாடகம் 2024-இல் இன்னும் 5 வருஷத்துக்கு நீட்டித்தது. ஆஃபர் லெட்டரில் இதெல்லாம் இருக்காது.

இந்தக் கோட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ஓசூர்க்காரர்கள். வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், வீடு ஓசூரில். சம்பளம் பெங்களூர்ச் சம்பளம். வாடகை, ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளி, சாதிச் சான்று, வண்டி நம்பர் எல்லாம் தமிழ்நாடு. விலை, தினமும் போக வர இரண்டு மூன்று மணி நேர டிராஃபிக். புளியரை வழியாகத் தினமும் வந்துபோகும் கொத்தனாரும் இவரும் ஒரே தந்திரத்தைத்தான் செய்கிறார்கள்: கூலியை அந்தப் பக்கமும் விலாசத்தை இந்தப் பக்கமும் வைத்துக்கொள்வது. எல்லையை ஒட்டி வீடு அமையாதவர்களுக்கு அந்தத் தந்திரம் இல்லை.

அவர்களில் ஒரு பெரிய கூட்டம் வடமாநிலங்களிலிருந்து தன்பாத்-ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வருகிறது. திருப்பூரில் ஒரு கூட்டம் இறங்கும், மீதி பாலக்காட்டைத் தாண்டும். அவர்கள் போடுவதும் இதே கணக்குதான், தங்கள் ஊர்க் கூலிக்கும் இங்கே கிடைக்கிற கூலிக்கும் நடுவில். திருப்பூர் ரேஷன் கடையில் அவர்கள் கைரேகை வைத்தால் தலைக்கு 5 கிலோ கிடைக்கும், அதுவும் ஊரில் முன்னுரிமைக் கார்டு இருந்தால். பக்கத்தில் நிற்கும் நம்மூர்க்காரர் பருப்பையும் பாமாயிலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.